ஹாரன் கொடுத்த எஃப்.சி.

பாலத்துக்கு இந்தப் பக்கம் டயர் கடை, அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க். டயர் கடையைத் தாண்டியது அவளுக்கு நினைவிருக்கிறது. கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்ததுகூட நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது பெட்ரோல் பங்கின் சிவப்புப் பலகை. நடுவில் இருந்த பாலத்தைக் காணோம். கீழே ஆறு ஓடும் பாலம், இடுப்பளவுதான் கைப்பிடிச் சுவர். அதை எப்படிக் கடந்தாள் என்று ஓட்டியவளுக்கே தெரியவில்லை. வாயில் செம்புக் காசைச் சப்பியது போல ஒரு ருசி மட்டும் மிச்சம் இருந்தது. பின்னால் பதினொரு பிள்ளைகள், யார் தண்ணீர் பாட்டிலை யார் எடுத்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளுக்கு ‘வேன் அக்கா’. பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறாள், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. முதல் வருடம் “பொம்பளை ஓட்டுற வண்டியிலயா புள்ளைய அனுப்புறது?” என்று கேட்ட அம்மாக்கள், இப்போது “வேன் அக்கா வண்டின்னா அனுப்புறோம், இல்லைன்னா வேண்டாம்” என்கிறார்கள். அந்தப் பேரைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனை மரத்தடியில் நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.  ‘ஏதோ யோசனையில வந்துட்டேன்’ என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சரி, அப்படி என்ன யோசனை? அதைச் சொல்லத் தெரிய வேண்டாமா? யோசனையில் வந்தவளுக்கு யோசனையாவது நினைவிருக்கும். இவளிடம் ஒன்றுமில்லை. வெட்டி எடுத்த துணி மாதிரி, அந்த இடம் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு அத்துப்படி. ஸ்டியரிங்கில் நினைவு தப்பும் ஆளுக்கு எவன் லைசென்ஸ் கொடுப்பான்? அது ஒரு பயம். மண்டைக்குள் ஏதாவது கட்டி கிட்டி இருந்தால்? அது இன்னொரு பயம். இரண்டுக்கும் அடியில், நினைக்கவே கூசும் மூன்றாவது பயம் ஒன்று பதினொரு முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அவள் புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. அவரை அவள் ‘மாஸ்டர்’ என்பாள், அவர் அவளை ‘டிரைவர்’ என்பார். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பேராகிவிட்டது. அன்று சாயங்காலம் அவர், “என்ன டிரைவர், முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டார். “வெயில்” என்றாள். அவர் நம்பிவிட்டார். ஊசியில் நூல் கோக்கும்போது கேட்டால் எதையும் நம்புகிற மனுஷன் அவர்.

நம்பாதது நாய் ஒன்றுதான்.

நாயின் பெயர் ஹாரன். குட்டியாக இருந்தபோது வேனுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. எடுக்கும் முன் இவள் ஹாரன் அடித்தாள். பயந்து ஓடுவதற்குப் பதில் அது திருப்பிக் குரைத்தது. அதோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்திருக்கும். தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன் அவள் வேனை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்துக் காற்று பார்ப்பாள். ஹாரனும் கூடவே சுற்றி, அவள் தட்டிய டயரை எல்லாம் மோந்து பார்த்துவிட்டு, படியில் போய் உட்கார்ந்து வழியனுப்பும்.

பாலம் காணாமல் போன மறுநாள் காலை அது சுற்றவில்லை. அவள் கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் அவளை ஒரு பார்வை பார்த்தது. வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, நேரே போய் முன்சக்கரத்தின் முன்னால் படுத்தது. கூப்பிட்டாள், வரவில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். நாயின் உடம்பு முழுவதும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் பட்டை வழியாக அவள் கைக்கு ஏறியதும் பட்டையை விட்டுவிட்டாள். ‘இதுக்குத் தெரிஞ்சுபோச்சு’ என்று நினைத்தாள்.

மாஸ்டர் வாசலில் நின்று சிரித்தார். “வண்டி முன்னால உக்காந்து மறியல் பண்றான் பாரு. கோரிக்கை என்னன்னு கேளு டிரைவர்.”

“மாஸ்டர், விளையாடாதீங்க. இவனைப் பிடிச்சு உள்ள கட்டுங்க. நேரமாச்சு.”

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். இத்தனைக்கும் சாயங்காலம் மாஸ்டரோடு காலாற நடந்துவிட்டு வரும்போது நாய் நன்றாகத்தான் இருந்தது. இவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் மூச்சிரைக்கும். நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆனால் விலகிப் போகாது. அவள் பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே வந்து படுக்கும். இப்படி ஒரு ஜீவன் இருபத்துநாலு மணி நேரமும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல உடம்புக்காரனுக்கே கலக்கம் வரும், இவளைக் கேட்க வேண்டுமா? பாலத்தில் ஏறும்போதெல்லாம் டயர் கடை, விளக்குக் கம்பம் ஒன்று, கம்பம் இரண்டு, பெட்ரோல் பங்க் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். முன்சீட்டில் உட்காரும் ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு, எல்லாரையும் அதட்டுவதால், ‘லீடர்’ என்று பட்டப்பெயர். அவள், “என்னக்கா, பாடம் மனப்பாடம் பண்றீங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா கண்ணு, பரீட்சை வருது.”

ஐந்தாம் நாள் மாஸ்டரே நாயைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வயிற்றில் பூச்சி என்பது அவர் கட்சி. டாக்டரம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற ஆள். மேஜைமேல் நாயை நிறுத்தி, ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இவளிடம், “நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்கம்மா” என்றார். வெளியே நின்றாள். இரண்டு நிமிஷம் கழித்து உள்ளே கூப்பிட்டார். ஸ்டெதஸ்கோப்பை நாயின் நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் கிட்டே வரவர டாக்டரம்மாவின் புருவம் மேலே ஏறியது.

“நாய்க்குப் பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவர் பிடிச்சிருக்கும்போது நெஞ்சு சாதாரணமா அடிக்குது. நீங்க பக்கத்துல வந்ததும் தடதடன்னு ஓடுது. உங்களுக்கு என்னம்மா பிரச்சனை?”

“எனக்கென்ன? ஒண்ணுமில்லையே.”

“இவளுக்கா?” மாஸ்டர் சிரித்தார். “இவளைப் பார்த்தா லாரிக்காரனே ஒதுங்கி வழிவிடுவான் டாக்டர்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “எதையோ நெனச்சுப் பயந்துக்கிட்டு இருக்கீங்க. நாம பயந்தா வேர்வை வாசனையே மாறிடும். மூச்சு மாறும், நடை மாறும். இது நாள் பூரா உங்களைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கு? அதான் இதுவும் பயப்படுது. நீங்க பயப்படுறீங்கன்னு இதுக்குத் தெரியும். எதுக்குன்னு தெரியாது. அதை நீங்கதான் பார்த்துக்கணும்.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் என்னதான் சொல்ல முடியும்? ஆனால் நம்மாள் அதில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். நாய் தன் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுகிறது என்பது அந்தப் பாதி. மற்றதைக் கிளினிக் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

வண்டிக்காரர்களுக்கு எஃப்.சி. என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை வண்டியை அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் பிரேக்கை மிதித்து, விளக்கைப் போட்டு, கீழே குனிந்து பார்த்துவிட்டு, இந்த வண்டி ரோட்டில் ஓடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்தக் கையெழுத்து இருந்தால் டிரைவருக்கு நிம்மதி, இல்லாவிட்டால் வண்டி ஷெட்டில்தான். பன்னிரண்டு வருடம் எஃப்.சி. காட்டியே பழகியவள், இப்போது தன்னையே காட்ட ஒரு அதிகாரியைக் கண்டுபிடித்துவிட்டாள். நாய் வழிவிட்டால் தான் நல்லாயிருக்கிறோம், வழிவிடாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவு எளிதாகப் போய்விட்டது. டிரைவராக இல்லாத ஒருத்திக்கு இந்தப் புத்தி போயிருக்காது.

மறுநாள் காலை வழக்கத்தைவிட முன்னால் எழுந்தாள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்தாள். ஜன்னல் பக்கம் நின்று மூச்சை மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டாள். பழைய பாட்டு ஒன்றை முனகினாள். நெஞ்சு அடங்கிய பிறகே கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஹாரன் அவளைப் பார்த்தது. வாலைத் தாழ்த்தியது. ஆனால் கால்களுக்கு நடுவே செருகவில்லை. இரண்டு டயர்வரை கூட வந்தது, பிறகுதான் சக்கரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தது. நடுங்கவில்லை. ‘பரவாயில்ல, தேறிட்டு வர்றேன்’ என்று நினைத்தாள்.

நினைத்ததும் கொஞ்சம் பயம் குறைந்தது. பயம் குறைந்ததும் மறுநாள் நாய் இன்னும் கொஞ்சம் இளகியது. நாய் இளகியதும் இவளுக்குத் தைரியம் வந்தது. இவள் தைரியத்தைப் பார்த்து நாய்க்குத் தைரியம் வந்தது. பத்தே நாளில் நாலு டயரையும் மோந்து பார்த்துவிட்டு, மடிந்த காதை ஆட்டிக்கொண்டு, படியில் போய் உட்கார்ந்துவிட்டது. அன்று அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வேனில் ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாலத்தில் கம்பம் எண்ணுவதை விட்டாள்.

நடுவில் இரண்டு தடவை வாயில் அந்தச் செம்பு ருசி வந்தது. ஒருமுறை குளிக்கும்போது, ஒருமுறை மாஸ்டருக்குப் பொத்தான் எடுத்துக் கொடுக்கும்போது. இரண்டு தடவையும் முதலில் நாயைத்தான் திரும்பிப் பார்த்தாள். அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாள். எவ்வளவு பெரிய படுகுழிமேல் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாலம் காணாமல் போனதிலிருந்து முப்பத்திரண்டாம் நாள். வெள்ளிக்கிழமை. ஹாரன் அன்று அமர்க்களமாக இருந்தது. வேனை ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்று ஓடியது, அவள் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போய் விளையாட்டுக் காட்டியது. சிரித்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தாள். பதினொரு பேரையும் ஏற்றிக்கொண்டாள். பாலத்துக்கு முன்னால் இருக்கும் சிக்னலில் சிவப்பு விழுந்தது. எதிரே ஒரு தண்ணீர் லாரி வளைந்து திரும்பியது. அதன் பின்பக்கம் சொட்டிக்கொண்டே போனது.

“அக்கா.”

யாரோ அவள் தோளைத் தட்டினார்கள்.

“அக்கா! பச்சை விழுந்துடுச்சு. இதோட ரெண்டாவது பச்சை. முன்னாடி விழுந்தப்பவே சொன்னேன், நீங்க பேசவே மாட்டேங்கிறீங்க.”

லீடர். முகத்தில் எரிச்சல். பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் ஹாரனை அலறவிட்டுக்கொண்டிருந்தன. பைக்கில் வந்த ஒருவன் ஜன்னல் பக்கம் வந்து, “தூங்குறியா?” என்று கத்திவிட்டுப் போனான். கடைசி சீட்டுப் பொடிசுகள், வேன் அக்கா சிலை விளையாட்டு விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்தன. வாயில் செம்பு. சிக்னலில் நின்றால் நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுவது அவள் வழக்கம். இழுத்திருந்தாள். அந்த ஒரு இழுப்பில்தான் பன்னிரண்டு உயிர் நின்றுகொண்டிருந்தது. நூறு அடி தள்ளிப் பாலம். இது இன்னும் அரை நிமிஷம் கழித்து வந்திருந்தால்?

 இத்தனை நாள் ஏறெடுத்துப் பார்க்காத அந்த மூன்றாவது பயம், பதினொரு முகத்தோடு, பின்னால் சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவள் வண்டியை அணைத்தாள். சாவியைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். விளக்குகளை மின்னவிட்டு, மாஸ்டருக்குப் போன் செய்தாள்.

“சிக்னல்கிட்ட நிக்கிறேன். உடனே வாங்க.”

பன்னிரண்டு நிமிஷத்தில் அவர் வந்தார். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியபடியே வந்திருந்தார்.  சாவியை அவள் விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாலு பேரைக் கூப்பிட்டு வேனை ஓரமாகத் தள்ளினார். பள்ளிக்கு அவரே போன் போட்டு, “வண்டி ரிப்பேருங்க. வேற வண்டி அனுப்புங்க” என்றார். வேறு வண்டி வந்தது. பிள்ளைகள் “பை அக்கா, பை அக்கா” என்று இறங்கி ஏறினார்கள். அவள் பதினொன்று வரை எண்ணினாள். எண்ணி முடித்ததும் சாக்கடை ஓரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். பாலம், செம்பு ருசி, நாயிடம் காட்டிய எஃப்.சி. எல்லாம். ஹாரன் அவள் காலோடு ஒட்டிப் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தது.  மாஸ்டர் கையில் இருந்த சாக்பீஸ் துண்டைப் பொடிப் பொடியாக உதிர்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“பயமா இருந்துச்சு.”

“நான் ஒரு மண்ணும் கவனிக்கல பாரு. நாய்க்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல.” எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “இங்க பாரு. இன்னைக்கே டாக்டர்கிட்ட போறோம். மாத்திரை குடுப்பாங்க. ஒரு வாரம், பத்து நாள்ல சரியாயிடும். வண்டி ரிப்பேர்னு சொல்லியாச்சு இல்ல? அது அப்படியே இருக்கட்டும். பத்து நாள் கழிச்சு வண்டி ரெடின்னு எடுத்துக்கலாம். யாருக்கும் எதுவும் ஆகல. யாருக்கும் தெரிய வேண்டாம். பன்னெண்டு வருஷம் டிரைவர், ஒரே நாள்ல போயிடும்.”

அவர் சொன்னது ஒவ்வொன்றும் இதமாக உள்ளே இறங்கியது. அவளுக்கும் அதுதானே வேண்டியிருந்தது. பத்து நாள். மாத்திரை. வண்டி ரெடி. நெஞ்சு மெல்ல அடங்கியது. மூச்சு சீரானது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒன்றும் நடக்காதது போல இருந்தது.

காலடியில் நடுக்கம் நின்றிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள். ஹாரன் காலை நீட்டிப் படுத்து, வாயைப் பிளந்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த பயம், சிக்னலில் வந்ததைவிடப் பெரிது. இந்த நாயைப் பத்து நாளில் தூங்கவைத்துவிடலாம். தன்னையும் தூங்கவைத்துவிடலாம். மாஸ்டரையும், பள்ளிக்கூடத்தையும், அம்மாக்களையும் தூங்கவைத்துவிடலாம். அதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. பிறகு ஒருநாள் காலை நாலு டயரையும் மோந்து பார்த்துவிட்டு நாய் வழிவிடும், அவள் பாலத்தில் ஏறுவாள்.

போனை எடுத்தாள்.

“யாருக்கு?” என்றார் மாஸ்டர்.

“பெரிய மேடத்துக்கு.”

“வேண்டாம்மா. சொன்னாக் கேளு.”

மணி போகப் போக அவள் நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. உள்ளங்கை வேர்த்தது. ஹாரன் சட்டென்று தலையைத் தூக்கியது. எழுந்து வந்து அவள் மடியில் முன்னங்காலை வைத்து ஏறி, வெடவெடவென்று நடுங்கியது. மூச்சை இழுத்து விட்டு அதைச் சமாதானப்படுத்த அவளுக்குத் தெரியும். செய்யவில்லை. இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

“சொல்லுங்க வேன் அக்கா. வண்டி என்ன ஆச்சு?” பள்ளியின் தலைமை ஆசிரியைக்கு எப்போதும் அவசரக் குரல்.

“வண்டி நல்லா இருக்குங்க மேடம். எனக்குத்தான் நினைவு தப்புது. இன்னைக்குச் சிக்னல்ல தப்பிடுச்சு. இனிமே நான் ஓட்டக் கூடாது.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவசரமே இல்லாத குரலில் மேடம் கேட்டார்.

“இதுதான் முதல் தடவையா?”

மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு, ‘ஆமான்னு சொல்லு’ என்று உதட்டை அசைத்தார்.

“இல்லைங்க மேடம். போன மாசம் ஒரு தடவை. பாலத்து மேல.”

“அப்ப வண்டியில புள்ளைங்க இருந்தாங்களா?”

“பதினொரு பேரும் இருந்தாங்க” என்றாள்.